டிக் அடித்தவற்றை ஆங்கிலத்தில் என்னவென்று சொல்வது?

கேள்வி: வேலைக்காக ஒரு சின்னச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். திரையில் கோப்புகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கட்டம். வேண்டாதவற்றுக்கு டிக் அடித்துவிட்டுக் கீழே உள்ள பட்டனை அழுத்தினால் அவை மட்டும் நீங்கிவிடும். பட்டனில் 'டெலீட் செக்டு ஐட்டம்ஸ்' என்று எழுதினேன். பார்த்தவர்களில் ஒருவர் 'செலக்டட்' என்கிறார், இன்னொருவர் 'மார்க்டு' என்கிறார், மூன்றாமவர் 'டிக்டு'தான் சரி, மற்றதெல்லாம் அமெரிக்க ஆங்கிலம் என்று அடித்துச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: முதலில் விடை, அப்புறம் விளக்கம். உங்கள் பட்டனுக்கு 'செலக்டட்'. நான்கு சொற்களுமே இலக்கணப்படி சரிதான், அதனால்தான் இந்தச் சண்டையே வருகிறது. ஒன்றாவது தப்பாக இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம்.

ஒரு வரிக்கு முன்னால் ஒரு குறி இருந்தால் அதைப் பற்றி மூன்று விதமாகப் பேசலாம். குறி பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்லலாம்: டிக், நட்சத்திரம், மஞ்சள் பட்டை. குறி போட்டவர் என்ன செய்தார் என்று சொல்லலாம்: இருந்ததிலிருந்து சிலதைப் பொறுக்கி எடுத்தார். அல்லது அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று சொல்லலாம்: வாங்கியாச்சு, சரிபார்த்தாச்சு, இதில் சந்தேகம், இது அவசரம். 'டிக்டு' முதல் வகை, 'செலக்டட்' இரண்டாவது. மூன்றாவது வகைக்கு 'அப்ரூவ்டு', 'கம்ப்ளீட்டட்' என்று வேறு சொற்களே இருக்கின்றன. 'செக்டு' மட்டும் முதல் வகையிலும் மூன்றாவதிலும் ஒரு காலாக நிற்கிறது, அங்கேதான் வம்பு.

நமக்கு அந்த வம்பு கூடுதல். தமிழில் பேசும்போது 'செக் பண்ணிட்டேன்' என்றால் என்ன பொருள்? சரிபார்த்துவிட்டேன் என்றுதான் பொருள், டிக் அடித்தேன் என்று யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டிக் அடிப்பதை நாம் டிக் அடிப்பது என்றே சொல்கிறோம். ஆகவே நம்மில் ஒருவர் 'டெலீட் செக்டு ஐட்டம்ஸ்' என்று படித்தால், சரிபார்த்ததை எதற்கு நீக்க வேண்டும் என்று அரை நொடி தயங்குவார். நீக்கு பட்டனுக்கு முன்னால் அந்த அரை நொடி குழப்பம் நல்லதில்லை.

எனக்கே இப்படி ஆகியிருக்கிறது. ஒரு கோப்புப் பட்டியலை அச்செடுத்து, அதில் பதினொரு வரிக்கு நீலப் பேனாவால் டிக் அடித்து, மேலே 'செக்டு ஃபைல்ஸ் கேன் பி ரிமூவ்டு' என்று எழுதிக் கூட வேலை பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் பொறுப்பானவர். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்து, பார்த்ததற்கு அடையாளமாகத் தானும் ஒரு டிக் போட்டுக்கொண்டே வந்து, சாயங்காலம் தாளை நீட்டி, "எல்லாம் செக் பண்ணியாச்சு, எடுத்துடலாமா?" என்றார். நூற்றுச் சொச்சம் டிக். எல்லாம் நீலம். என்னுடைய பதினொன்று எவை என்று எனக்கே தெரியவில்லை. நல்ல வேளையாகக் கேட்டார், கேட்காமல் செய்திருந்தால் இந்தப் பதிலை இவ்வளவு சிரித்த முகத்தோடு எழுதியிருக்க மாட்டேன்.

பழி முழுக்க அவர் மேலோ என் மேலோ இல்லை, அந்தச் சொல்லின் பிறப்பே அப்படி. 'செக்' சதுரங்கத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அரசனுக்கு வைக்கும் 'செக்' ஆனது. அரசனுக்கு செக் வைத்தால் ஆட்டம் ஒரு நிமிடம் நிற்கும், அதனால் தடுப்பது என்ற பொருள் வந்தது. தடுத்து நிறுத்திப் பார்ப்பதால் சோதிப்பது என்ற பொருள் சேர்ந்தது, சோதித்ததற்குப் போடும் குறிக்கும் கடைசியில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய பொருள் எதுவும் செத்துப்போகவும் இல்லை. 'அன்செக்டு' என்று ஒரு ஆங்கிலக் கட்டுரையில் வந்தால் டிக் அடிக்காதது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், கட்டுப்படுத்த ஆளில்லாமல் வளர்வது என்று பொருள். கட்டம்போட்ட சட்டையும் 'செக்டு' சட்டைதான், விமானத்தில் சரக்கறைக்கு அனுப்பும் பெட்டியும் 'செக்டு' பெட்டிதான்.

'மார்க்டு' பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் காதுக்கு மார்க் என்றால் பரீட்சை மார்க். ஆங்கிலேயர்களுக்கும் 'மார்க்' பண்ணுவது விடைத்தாள் திருத்துவதுதான். 'மார்க்டு மேன்' என்றால் யாரோ குறிவைத்துவிட்ட ஆள், 'மார்க்டு டவுன்' என்றால் விலை குறைத்தது, 'மார்க்டு இம்ப்ரூவ்மென்ட்' என்றால் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம். தனியாக விட்டால் அந்தச் சொல் எங்கே வேண்டுமானாலும் போய்விடும். பின்னால் ஒரு துணை கொடுத்தால் ஒழுங்காக நிற்கும்: 'ஐட்டம்ஸ் மார்க்டு வித் அ ஸ்டார்', 'ஐட்டம்ஸ் மார்க்டு இன் ரெட்'. என்ன குறி என்று கூடவே சொல்ல முடியாத இடத்தில் 'மார்க்டு' போடாதீர்கள்.

மூன்றாமவர் சொன்னதில் பாதி சரி. 'டிக்' பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் அதே குறியை 'செக் மார்க்' என்பார்கள். கணினியில் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உள்ள பொதுப் பட்டியலான யூனிகோடிலும் அதன் பெயர் 'செக் மார்க்'தான், கட்டத்துக்குள் இருப்பதற்கு 'பேலட் பாக்ஸ் வித் செக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று சொல்லும் இடத்தில் 'ப்ரீ-டிக்டு பாக்ஸஸ்' என்றே எழுதுகிறது. ஆனால் 'செலக்ட்' அமெரிக்கச் சொல் கிடையாது. அது எல்லா ஆங்கிலத்துக்கும் பொது. உங்கள் செயலியை யார் எங்கிருந்து திறப்பார்கள் என்று தெரியாதபோது அதைவிட வசதி வேறென்ன? மைக்ரோசாஃப்ட், கூகுள், ஆப்பிள் மூன்றும் தங்கள் எழுத்தாளர்களுக்கு வைத்திருக்கும் நடைக் கையேடுகளில் செக்பாக்ஸுக்கு 'செலக்ட்' என்றுதான் எழுதச் சொல்கின்றன. பெட்டியின் பெயர் செக்பாக்ஸ், செய்யும் வேலையின் பெயர் செலக்ட். கொஞ்சம் வேடிக்கைதான்.

கேள்வி: முந்தைய கேள்வியை ஒட்டியே என் சந்தேகமும். என் பட்டியலில் டிக்கும் இருக்கிறது, ஒரு வரியைத் தொட்டால் அந்த வரி நீலமாகவும் மாறுகிறது. இரண்டுமே 'செலக்டட்' என்றால் எதை எதிலிருந்து பிரிப்பது?

பதில்: இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் மேலே சொன்னதை நானே மீறுவேன். இங்கே டிக் அடித்தவை 'செக்டு', நீலமானது 'செலக்டட்'. நிரல் எழுதுபவர்கள் இதை எப்போதோ பிரித்துவிட்டார்கள். விண்டோஸ் செயலிகள் எழுத உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸில், பட்டியல் காட்டும் லிஸ்ட்வியூவில் 'செக்டு ஐட்டம்ஸ்', 'செலக்டட் ஐட்டம்ஸ்' என்று இரண்டு தனித்தனித் தொகுதிகள் உண்டு, ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்க வேண்டியதில்லை. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல்.லிலும் செக்பாக்ஸுக்குப் போடும் பண்பு 'செக்டு', கீழே இறங்கும் பட்டியலில் ஒரு தெரிவுக்குப் போடுவது 'செலக்டட்'. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இது நிரலுக்குள் எழுதும் பெயர். திரைக்கு வெளியே இருப்பவருக்கு இந்த வித்தியாசத்தைப் பாடமாக நடத்தாதீர்கள். உங்கள் பட்டன் டிக் அடித்தவற்றின் மேல்தான் வேலை செய்யும் என்றால் நீல வரியைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க விடுங்கள், அல்லது வரியைத் தொட்டாலே டிக்கும் விழும்படி செய்துவிடுங்கள். ஒரே பட்டியலில் இரண்டு விதத் தெரிவு இருந்தால் எந்தச் சொல்லைப் போட்டாலும் பாதிப் பேர் தவறாகத்தான் அழுத்துவார்கள்.

கேள்வி: டிக்கை எடுத்துவிடச் சொல்ல எது சரி? 'அன்செக்', 'அன்டிக்', 'அன்செலக்ட்', 'டீசெலக்ட்' எல்லாமே பார்த்திருக்கிறேன்.

பதில்: 'கிளியர்' என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டும் கூகுளும் 'கிளியர்' என்கின்றன, ஆப்பிள் 'டீசெலக்ட்' என்கிறது. 'அன்செலக்ட்' எல்லோருக்கும் புரியும், ஆனால் எழுதியவர் அகராதியைத் திறக்கவில்லை என்பதும் சேர்ந்து புரியும். என் கை போவது 'டீசெலக்ட்' பக்கம். காரணம் சாதாரணமானது: 'கிளியர் ஆல்' என்று ஒரு பட்டன் பட்டியலுக்குப் பக்கத்தில் இருந்தால், டிக்குகள் போகுமா பட்டியலே போகுமா என்று எனக்கு இன்றைக்கும் பயம். பிரிட்டிஷ் அரசியலில் பதவியில் இருக்கும் எம்.பி.க்கு அவர் கட்சியே அடுத்த தேர்தலில் சீட்டு தராமல் ஒதுக்குவதையும் 'டீசெலக்ட்' என்பார்கள், ஆனால் ஒரு செக்பாக்ஸைப் பார்த்து யாருக்கும் அது நினைவுக்கு வரப்போவதில்லை.

கேள்வி: மின்னஞ்சலில் ஓரிடத்தில் நட்சத்திரம், ஓரிடத்தில் கொடி. 'ஸ்டார்டு' என்பதற்கும் 'ஃப்ளாக்டு' என்பதற்கும் பொருளில் வித்தியாசம் உண்டா, அல்லது பொம்மை மட்டும்தான் வேறா?

பதில்: தொழில்நுட்பத்தில் வித்தியாசம் இல்லை. அஞ்சல் செயலிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஐமேப் விதிமுறையில் 'ஃப்ளாக்டு' என்று ஓர் அடையாளம் இருக்கிறது, அவசரமாகவோ தனிக் கவனத்தோடோ பார்க்க வேண்டியது என்று 2003இல் வந்த, ஆர்.எஃப்.சி. 3501 என்ற விதிமுறை ஆவணம் அதற்குப் பொருள் சொல்கிறது. ஜிமெயிலில் நீங்கள் போடும் நட்சத்திரம் வேறு செயலியில் திறந்தால் கொடியாகத் தெரிவது இதனால்தான்.

சொல்லில் மட்டும் வாடை வேறு. நட்சத்திரத்துக்கு நல்ல வாடை: பிடித்தது, வைத்துக்கொள்ள வேண்டியது. கொடிக்குக் கொஞ்சம் போலீஸ் வாடை: இதைக் கவனி, இதில் ஏதோ இருக்கிறது. ஒருவர் எழுதியதை 'ஃப்ளாக்' பண்ணிவிட்டார்கள் என்றால் பாராட்டியிருக்க மாட்டார்கள். ஆகவே ஆட்களின் பெயர் உள்ள பட்டியலில் 'ஃப்ளாக்டு நேம்ஸ்' என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள், நல்லவர்கள் பட்டியலாகவே இருந்தாலும் பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

'மார்க்', 'ஃப்ளாக்' இரண்டையும் பிரித்து ஆண்டதற்கு நல்ல உதாரணம் கேட்டால் நிரல் எழுதுபவர்கள் பயன்படுத்தும் ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியைக் காட்டுவேன். அதில் கோப்புப் பட்டியல் திறக்கும் 'டயர்டு' பகுதியில் 'எம்' விசையை அழுத்தினால் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி விழும், அந்தக் கோப்பு 'மார்க்டு'. நகல் எடுக்க, இடம் மாற்ற, எதற்கு வேண்டுமானாலும் பயன்படும் பொதுக் குறி அது. 'டி' விசையை அழுத்தினால் பெரிய 'டி' எழுத்து விழும், அந்தக் கோப்பு நீக்குவதற்காக 'ஃப்ளாக்டு'. அப்போதும் அது உடனே போகாது, 'எக்ஸ்' அழுத்தினால்தான் போகும். பொதுக் குறிக்கு ஒரு சொல், ஆபத்தான குறிக்கு வேறு சொல் என்று பிரித்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் புத்தி எனக்கு அந்த நீலப் பேனா நாளில் இருந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: 'ஸ்டார்டு' என்பதை எழுதும்போது 'ஆர்' எழுத்து இரண்டு. ஒன்றை விட்டுவிட்டால் முறைத்துப் பார்த்தது என்று ஆகிவிடும்.

கேள்வி: படிவங்களில் கட்டாயம் நிரப்ப வேண்டியவற்றுக்கு உடுக்குறி (*) போடுகிறார்கள். அதை 'ஸ்டார்' என்று எழுதலாமா, 'ஆஸ்டெரிஸ்க்' என்றுதான் எழுத வேண்டுமா?

பதில்: 'ஆஸ்டெரிஸ்க்' எழுதுங்கள். கிரேக்கத்தில் அதற்குப் பொருள் குட்டி நட்சத்திரம், ஆக இரண்டும் ஒன்றுதான், ஆனால் இன்று 'ஸ்டார்' என்றால் மக்கள் மதிப்பீட்டு நட்சத்திரத்தையோ பிடித்தது என்ற குறியையோ நினைக்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் வரிகளைப் பதிப்பித்த அரிஸ்டார்கஸ் பொதுக் காலத்துக்கு முன் 2ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குறியை ஓரத்தில் போட்டார், இவ்வளவு பழைய குறிக்கு அதன் பெயரைக் கொடுத்தால் என்ன? வாக்கியத்தில் 'ஃபீல்ட்ஸ் மார்க்டு வித் ஆன் ஆஸ்டெரிஸ்க் ஆர் ரிக்வயர்டு' என்று ஒரு வரி படிவத்தின் தலையில் இருக்கட்டும். கடைசியில் வைத்தால், எல்லாம் நிரப்பி முடித்தபிறகு படித்து என்ன பயன்?

கேள்வி: வேலைப் பட்டியலில் முடித்ததைக் கோடு போட்டு அடிப்போமே, அது 'க்ராஸ்டு அவுட்'டா, 'க்ராஸ்டு ஆஃப்'ஆ?

பதில்: முடித்துவிட்டு அடித்தால் 'ஆஃப்'. வேண்டாம் என்று அடித்தால் 'அவுட்'. எழுத்துப்பிழையை அடிப்பது 'அவுட்', வாங்கி முடித்த பொருளை அடிப்பது 'ஆஃப்'. கோடு ஒன்றுதான், தாளைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் சொல் முக்கியம்.

டிக் போட்டு முடித்தால் 'டிக் ஆஃப்' என்பது பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்களுக்கு 'செக் ஆஃப்'. மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்றால், 'டிக்டு ஆஃப்' என்பது அமெரிக்கருக்குக் கடுப்பாக இருக்கிறேன் என்று பொருள், ஆங்கிலேயருக்கோ ஒருவரைத் திட்டித் தீர்ப்பதும் அதேதான். 'ஐ ஹேவ் டிக்டு ஆஃப் தி ஹோல் டீம்' என்று யாராவது எழுதியிருந்தால், பெயர்ப் பட்டியலில் டிக் போட்டாரா, எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாரா, அல்லது எல்லோரையும் கடுப்பேற்றிவிட்டாரா என்று அவரையே கேட்பது உத்தமம்.

குறியின் பொருளும் எல்லா ஊரிலும் ஒன்றில்லை. ஜப்பானில் சரியான விடைக்கு ஆசிரியர் போடுவது வட்டம், டிக் போட்டால் தப்பு என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஸ்வீடன், பின்லாந்து பள்ளித் தாள்களிலும் டிக் தவறைக் காட்டுகிற குறி. அதனால் பல நாட்டவர் பார்க்கும் பட்டியலில் 'டிக்டு ஆன்சர்ஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் 'கரெக்ட்' என்ற சொல்லையே போட்டுவிடுங்கள்.

கேள்வி: பட்டியலில் சில வரிகளுக்கு மஞ்சள் அடித்து அனுப்புகிறேன். 'சீ தி ஹைலைட்டட் ரோஸ்' என்பது சரியா?

பதில்: ஆங்கிலம் சரி. தாள் போகும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். மஞ்சள் மையை கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தால் பெரும்பாலும் மறைந்தே போகும், அப்புறம் 'ஹைலைட்டட்' வரியைத் தேடுகிறவர் உங்களைத்தான் திட்டுவார். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பிப் படிப்பவருக்கும் நிறம் தெரியாது. செக்பாக்ஸ் என்றால் அந்த மென்பொருள் 'செக்டு', 'நாட் செக்டு' என்று வாயால் சொல்லும், மஞ்சளைச் சொல்வதை நம்பி இருக்க முடியாது. இணையப் பக்கங்களின் அணுகல் விதிகளிலும் நிறத்தையோ வடிவத்தையோ மட்டும் வைத்து வழிகாட்டாதே என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. மஞ்சளும் அடியுங்கள், பக்கத்தில் ஒரு பத்தியில் 'பெண்டிங்' என்றோ 'ரிவ்யூ' என்றோ எழுதியும் வையுங்கள். அப்புறம் கடிதத்தில் 'தி பெண்டிங் ரோஸ்' என்றே சொல்லலாம், நிறத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் மறுபடியும். 'டெலீட் செலக்டட் ஐட்டம்ஸ்' என்று மாற்றிவிட்டேன். இப்போது பட்டன் நீளமாகிவிட்டது, கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக மடிகிறது. எதை வெட்டலாம்?

பதில்: 'ஐட்டம்ஸ்' முதலில் போகட்டும், அது இருந்தும் ஒன்றும் சொல்லவில்லை. 'டெலீட் செலக்டட்' போதும். அதைவிடச் சுருக்கமாக வேண்டுமென்றால் எண்ணிக்கையைப் போடுங்கள்: மூன்று டிக் அடித்தால் பட்டன் 'டெலீட் 3 ஃபைல்ஸ்' என்று மாறட்டும். இவ்வளவு நேரம் எந்தப் பெயரடை என்று அடித்துக்கொண்டோமே, அதுவே தேவையில்லாமல் போகிறது. தவறிப்போய் முப்பது டிக் விழுந்திருந்தால் அழுத்துவதற்கு முன்னாலேயே கண்ணில் படும். ஒன்று மட்டும் இருக்கும்போது 'டெலீட் 1 ஃபைல்ஸ்' என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுமே இல்லாதபோது பட்டன் மங்கலாக, அழுத்த முடியாதபடி இருக்கட்டும்.